கூடாரத்துக்கு வெளியே கயோட்டி: பயப்பட வேண்டியது எப்போது?

வட அமெரிக்காவில், ஓநாய்க்கும் நரிக்கும் உறவான கயோட்டி என்ற காட்டு விலங்கு தாக்கி மனிதர் இறந்ததாக உறுதியாகப் பதிவானவை இரண்டே சம்பவங்கள்தான். 1981 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் கிளெண்டேல் நகரில், வீட்டுக்கு வெளியே நின்ற மூன்று வயதுப் பெண் குழந்தை. 2009 அக்டோபரில் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், மலைப்பாதையில் தனியாக நடந்துகொண்டிருந்த 19 வயதுப் பாடகி டெய்லர் மிட்செல். அலாஸ்காவிலிருந்து பனாமா வரை பரவி, காட்டிலும் வயலிலும் பாலைவனத்திலும் சிகாகோ போன்ற பெருநகரத்தின் ரயில் பாதையோரத்திலும்கூட வாழ்கிற ஒரு விலங்கின் கணக்கு இது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 45 லட்சம் பேரை நாய் கடிக்கிறது என்பது மதிப்பீடு; முப்பது பேருக்கு மேல் அதில் இறந்துபோகிறார்கள். தேசியப் பூங்காக்களில் உயிரைப் பறிக்கும் விபத்துகளில் முன்னால் நிற்பவை சாலை விபத்து, நீரில் மூழ்குவது, உயரத்திலிருந்து விழுவது ஆகியவைதான்.

இந்த எண்களைச் சொல்லி, ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு முதன்முறையாகக் கூடாரம் போட வந்திருக்கும் ஒருவருக்குத் தெரியவேண்டியது கண்டத்தின் சராசரி அல்ல. இப்போது எதிரே முப்பது அடி தள்ளி நின்று பார்க்கிறதே, இந்த ஒரு கயோட்டி என்ன செய்யும் என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்குப் பதில் இருக்கிறது. மனிதரைக் கண்டதும் புதருக்குள் மறையும் கயோட்டியும், நண்பகலில் உணவு மேசை அருகே வந்து நின்று கத்தினாலும் நகராத கயோட்டியும் ஒரே இனம்தான் என்றாலும், அவை தரும் ஆபத்து ஒன்றல்ல. அந்த வேறுபாடு எப்படி உண்டாகிறது என்று புரிந்துகொண்டால் பயத்தைச் சரியான இடத்தில் வைக்கலாம்.

முதலில் விலங்கைப் பற்றிக் கொஞ்சம். நாய், ஓநாய், நரி எல்லாம் சேர்ந்த அதே குடும்பம். நம் ஊர்க் குள்ளநரியைவிடச் சற்றுப் பெரியது. மேற்கு அமெரிக்காவில் பெரும்பாலும் 9 முதல் 14 கிலோ எடை இருக்கும். குளிர்காலத்தில் ரோமம் அடர்ந்துவிடுவதால் பார்ப்பவர்கள் அதை இரண்டு மடங்காக மதிப்பிட்டுவிடுவார்கள். எலி, முயல், பழம், வெட்டுக்கிளி, செத்த மாடு என்று எது கிடைத்தாலும் தின்னும். கிழக்குப் பக்கம் இருப்பவை இன்னும் பெரியவை. ஐரோப்பியர்கள் குடியேறியபின் கிழக்கு வட அமெரிக்காவில் ஓநாய்களைச் சுட்டும் நஞ்சு வைத்தும் ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். காலியான அந்த நிலத்துக்குள் கயோட்டிகள் மேற்கிலிருந்து நகர்ந்தன. வழியில் மிச்சமிருந்த ஓநாய்களோடு கலந்தன. அதனால் இன்றைய கிழக்குக் கயோட்டியின் மரபணுவில் ஏறத்தாழ கால் பங்கு ஓநாய். கொஞ்சம் வீட்டு நாயும் உண்டு. நோவா ஸ்கோஷியாவுக்கு அவை வந்து சேர்ந்தது 1970-களில்தான். நாம் ‘ஆதியிலிருந்தே அங்கே வாழும் காட்டு விலங்கு’ என்று நினைப்பது, அந்தப் பகுதியைப் பொறுத்தவரை இரண்டு தலைமுறைக்கு முன்னால் வந்த புதுக்குடி.

கூடாரம் போடுகிறவர்களை முதலில் பயமுறுத்துவது அதன் குரல். இருட்டிய பிறகு ஒரு ஊளை எழும்பும், உடனே கீச்சுக் கீச்சென்று பல குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும். இருபது விலங்கு சுற்றி வளைத்துவிட்டதுபோல இருக்கும். பெரும்பாலும் அது ஒரு ஜோடியின் வேலை, அல்லது ஒரு ஜோடியும் அதன் குட்டிகளும். ஒவ்வொன்றும் நொடிக்கு நொடி சுருதியை மாற்றிக் கத்துவதாலும், மரத்திலும் பாறையிலும் ஒலி பட்டுச் சிதறுவதாலும் எண்ணிக்கை பெருகிக் கேட்கிறது. ‘இந்த இடம் எங்களுடையது’ என்று பக்கத்து எல்லைக் கயோட்டிகளுக்குச் சொல்வதும், பிரிந்துபோன உறுப்பினரைக் கூப்பிடுவதும்தான் அதன் நோக்கம். இரையை நெருங்கும்போது அவை சத்தம் போடுவதில்லை. ஆகவே ஊளை கேட்டால் தூக்கம் கெடலாம், ஆபத்து வந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை.

சரி, உண்மையிலேயே கடித்த சம்பவங்களுக்கு வருவோம். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி கெர்ட், லின்ஸி வைட் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, 1960 முதல் 2006 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த தாக்குதல்களைத் தேடித் தொகுத்து 2009-இல் வெளியிட்டார். மொத்தம் 142 சம்பவங்கள், 159 பேர். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு அவ்வளவுதான். எல்லாக் கடியும் பதிவாகியிருக்காது என்றாலும் அளவு புரிகிறது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவற்றை அவர்கள் ‘இரை தேடும் தாக்குதல்’ என்று வகைப்படுத்தினார்கள். அவற்றில் குழந்தைகளே அதிகம் அடிபட்டார்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ‘சோதித்துப் பார்க்கும்’ வகை. படுத்திருப்பவர், தூங்குபவர், அசையாமல் உட்கார்ந்திருப்பவர் அருகே வந்து, இது என்ன பொருள் என்று வாயால் தொட்டுப் பார்ப்பது. கயோட்டிக்குக் கை இல்லை, வாய்தான் கை. ஆனால் அந்தத் தொடுதலிலும் பல் பதியும், ரத்தம் வரும். நாயைக் காப்பாற்றப் போய்க் கடிபட்டவர்கள், வெறிநோய் பிடித்த கயோட்டியிடம் சிக்கியவர்கள், குட்டி இருந்த இடத்துக்கு அருகில் போனவர்கள் என்று வேறு சிலர் சிறு சிறு பிரிவுகளாக வருகிறார்கள்; விவரம் போதாமல் வகைப்படுத்த முடியாதவையும் உண்டு.

சம்பவங்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் கலிஃபோர்னியாவின் புறநகர்கள்தான் கண்ணில் படும். தொலைதூர மலையும் பாலையும் அல்ல. இதுதான் இந்த விஷயத்தின் மையம் என்று நினைக்கிறேன். காட்டுக்குள் போகப்போகக் கயோட்டியின் ஆபத்து கூடும் என்று நம் மனம் சொல்கிறது. நடந்ததோ தலைகீழ். மனிதர் எங்கே நெருக்கமாக வாழ்கிறார்களோ, எங்கே குப்பையும் செல்லப்பிராணிகளின் தீனியும் வெளியே கிடக்கின்றனவோ, எங்கே ஒருவரும் விரட்டுவதில்லையோ, அங்கேதான் கயோட்டி பயத்தை விடுகிறது.

பயம் ஒரே நாளில் போவதில்லை. கலிஃபோர்னியாவில் ரெக்ஸ் பேக்கரும் ராபர்ட் டிம்மும் பல ஊர்களின் சம்பவங்களைப் பார்த்து அது படிப்படியாக நடப்பதைக் காட்டினார்கள். முதலில் இரவில் தெருக்களில் அடிக்கடி தென்படும். பிறகு இரவில் பூனைகள் காணாமல்போகும். பிறகு விடிகாலையிலும் பின்மாலையிலும் வெளிச்சத்திலேயே நடமாடும். அதன்பின் பட்டப்பகலில் நாயைத் தூக்கும். பிடித்துக்கொண்டு நடக்கும் ஆள் இருக்கும்போதே கயிற்றில் கட்டிய நாய்மேல் பாயும். ஓடுபவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் துரத்தும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் நண்பகலில் நின்றால் கடைசிக் கட்டத்துக்கு முந்தியது. பகலிலேயே பெரியவர்களிடம் முறைப்பது கடைசி. கடிபட்டவர்கள் பலர் ‘திடீரென்று வந்தது’ என்றுதான் சொல்வார்கள். அந்த வட்டாரத்தில் வாரக்கணக்காக, சில சமயம் மாதக்கணக்காக அறிகுறிகள் இருந்திருக்கும், சேர்த்துப் பார்க்க ஆள் இல்லாமல் போயிருக்கும்.

இதே கதை பூங்காக்களிலும் நடக்கிறது. கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலை ஓரத்தில் கயோட்டி நின்று கார்களை எதிர்பார்க்கும். நிறுத்துபவர்கள் பிஸ்கட், சிப்ஸ் என்று எதையாவது எறிவார்கள். படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த கார் எறியாவிட்டால்? அது இன்னும் கிட்டே வரும். அப்படிப் பழகிய ஒன்று சாலையில் அடிபட்டுச் சாகும், அல்லது யாரையாவது கடித்தபின் சுடப்படும். உணவு போட்டவர் அப்போது அங்கே இருக்கமாட்டார்.

இதைப் பெரிய அளவில் காட்டியது வான்கூவர் நகரின் ஸ்டான்லி பூங்கா. கடலும் காடும் சூழ்ந்த 400 ஹெக்டேருக்கு மேற்பட்ட பூங்கா. நகரத்தின் மையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கயோட்டிகள் அங்கே பல ஆண்டுகளாக இருக்கின்றன. கடி என்பது அபூர்வம். 2020 டிசம்பரில் தொடங்கி அடுத்த ஆகஸ்டுக்குள் 45 பேர் கடிபட்டார்கள் அல்லது தாக்கப்பட்டார்கள். ஓடுபவர்களின் காலைப் பின்னாலிருந்து கவ்வுவதுதான் அதிகம் நடந்தது. சிறு குழந்தைகளும் அடிபட்டார்கள். ஒரு கண்டத்தில் நாற்பத்தாறு ஆண்டுகளில் 142 சம்பவங்கள் என்று பார்த்தோம் அல்லவா? ஒரே பூங்காவில் ஒன்பது மாதங்களில் 45 என்பது என்ன என்று அதோடு வைத்துப் பாருங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் பூங்காவுக்குள் கூட்டம் அதிகம், குப்பை அதிகம், வேண்டுமென்றே தீனி போட்டவர்களும் இருந்தார்கள். 2021 செப்டம்பரில் பூங்காவை இரவில் மூடி, கயோட்டிகளைப் பொறிவைத்துப் பிடித்துக் கொன்றார்கள். தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் கொல்லப்பட்டவை மொத்தம் 11. பூங்காவில் வனவிலங்குக்குத் தீனி போட்டால் 500 டாலர் அபராதம் என்ற விதி வந்தது அதற்குப் பிறகுதான். வரிசையைக் கவனித்தால் வருத்தமாக இருக்கிறது. முதலில் வரவேண்டியது கடைசியில் வந்தது.

ஆக, தீனிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிவிடலாமா? நீண்ட காலம் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். அந்த விதிக்குள் அடங்காதது கேப் பிரெட்டன்.

நோவா ஸ்கோஷியாவின் கேப் பிரெட்டன் ஹைலேண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஸ்கைலைன் என்ற நடைபாதை இருக்கிறது. செங்குத்தான மேட்டின் விளிம்பில் போய்க் கடலைப் பார்க்க முடியும் என்பதால் அங்கே வருகிறவர்கள் தவறவிடாத பாதை. கடினமானதல்ல, ஒதுக்குப்புறமானதும் அல்ல. 2009 அக்டோபர் 27-ஆம் தேதி பிற்பகலில், இசை நிகழ்ச்சிகளுக்காக அந்தப் பகுதிக்கு வந்திருந்த டெய்லர் மிட்செல் அங்கே தனியாக நடந்துபோனார். கயோட்டிகள் அவரைத் தாக்கின. வேறு நடையாளர்கள் வந்து விரட்டிப் பார்த்தார்கள், உதவி கூப்பிட்டார்கள். ஹாலிஃபாக்ஸ் மருத்துவமனையில் மறுநாள் அவர் இறந்தார். வளர்ந்த ஒருவரைக் கயோட்டி கொன்றதாக உறுதியான ஒரே சம்பவம் இன்றுவரை இதுதான். பிறகு பிடிபட்டுச் சம்பவத்தோடு தொடர்புறுத்தப்பட்ட கயோட்டிகளுக்கு வெறிநோய் இல்லை, பட்டினியால் மெலிந்தும் இல்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே பூங்காவின் பிராட் கோவ் முகாமில், கூடாரத்துக்கு வெளியே தூங்கு பையில் படுத்திருந்த 16 வயதுப் பெண்ணின் தலையில் ஒரு கயோட்டி கடித்தது. அவர் பிழைத்துக்கொண்டார்.

ஏன் அங்கே? கெர்ட்டும் அவரது குழுவும் 2011 முதல் 2013 வரை அங்கே 23 கயோட்டிகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். இறந்த கயோட்டிகளின் மீசை முடியையும் எடுத்து ஆராய்ந்தார்கள். முடி வளரும்போது அந்தந்தக் காலத்து உணவின் வேதித் தடயம் அதில் தங்கிவிடும். அடியிலிருந்து நுனிவரை துண்டு துண்டாகச் சோதித்தால் அந்த விலங்கு மாதக்கணக்கில் என்ன தின்றது என்று தெரியும். 2022-இல் வெளியான முடிவு பலரையும் யோசிக்க வைத்தது. மனித உணவின் தடயம் மிகச் சில கயோட்டிகளில் மட்டுமே. உணவில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குவரை மூஸ்.

மூஸ் என்பது உலகின் மிகப் பெரிய மான். வளர்ந்த ஒன்று 400 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். பதினைந்து கிலோ சொச்சம் எடையுள்ள ஒரு விலங்கு அதை வேட்டையாடுகிறது! கடுமையான பனியும் குளிரும் உள்ள அந்த மேட்டு நிலத்தில் கயோட்டி வழக்கமாகப் பிடிக்கும் சிற்றிரை போதவில்லை. மூஸோ மலிந்து கிடந்தது. அதற்கும் ஒரு பழைய கதை உண்டு. உள்ளூர் மூஸ் அழிந்துபோன அந்தத் தீவுக்கு 1940-களின் கடைசியில் ஆல்பர்ட்டாவிலிருந்து பதினெட்டு மூஸ்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1970-களில் ஒருவகைப் புழு ஊசியிலை மரங்களைக் கூட்டம் கூட்டமாகத் தின்று அழித்தது. வெட்டவெளியான இடத்தில் இளம் பிர்ச் கன்றுகள் முளைத்தன, அவற்றைத் தின்று மூஸ்கள் பெருகின. அவற்றைப் பிடிக்க ஓநாய் இல்லை. கயோட்டிகள் கூடி வேட்டையாடக் கற்றுக்கொண்டன, பெரிய இரையை இரையாகப் பார்க்கப் பழகின. தனியாக வந்த ஒரு மனிதரை அந்தக் கண்ணோடு அவை பார்த்திருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் விளக்கம். பொதுவாக அங்குள்ள கயோட்டிகள் மனிதர் நடமாடும் இடத்தையும் நேரத்தையும் தவிர்த்தே திரிந்தன என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அதனால் இதை எல்லா மலைப்பாதைக்கும் பொருத்திப் பயப்படத் தேவையில்லை. ஆனால் போகிற பகுதியில் கயோட்டிகள் எதைத் தின்று வாழ்கின்றன என்பதும் ஆபத்தின் ஒரு பகுதி என்று அங்கே தெரிந்தது. ‘நான்தான் தீனி போடவில்லையே’ என்ற நிம்மதி மட்டும் அந்த மாதிரி நிலத்தில் போதாது. தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போவதும், கையில் ஒரு தடி வைத்திருப்பதும் அங்கே அர்த்தமுள்ள யோசனை.

மகளை இழந்த தாய், அந்தக் கயோட்டிகளைப் பழிவாங்கக் கொல்வதை டெய்லர் விரும்பியிருக்கமாட்டார் என்று பொதுவில் சொன்னார். அந்தத் துயரத்தின் நடுவே அப்படிச் சொல்ல முடிந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். மாகாண அரசோ 2010-இல் ஒரு கயோட்டித் தோலுக்கு 20 டாலர் ஊக்கத்தொகை அறிவித்தது. இந்த வழி பலன் தருவது அரிது. அமெரிக்க மத்திய அரசின் வனவிலங்குச் சேவைப் பிரிவு பல ஆண்டுகளாக, ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் கயோட்டிகளைக் கொன்றுவருகிறது. இனம் குறையவில்லை, பரப்பு விரிந்தபடி இருக்கிறது. ஓர் எல்லையில் இருந்த ஜோடியைக் கொன்றால், இடம் தேடி அலையும் இளம் கயோட்டி சீக்கிரமே அங்கே வந்துவிடும். போட்டி குறைந்து தீனி கூடினால் குட்டிகளும் அதிகம் பிழைக்கும். மனிதரைத் தாக்கிய குறிப்பிட்ட விலங்கை அகற்றுவது வேறு. அதை நான் எதிர்க்கவில்லை. கடித்துப் பழகியது மறுபடி கடிக்கும்.

நோயும் காயமும் தனிக் கணக்கு. 2020 ஜனவரியில் யெல்லோஸ்டோன் பூங்காவில் பனிச்சறுக்குக் கட்டைகளில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கயோட்டி தாக்கித் தலையிலும் கையிலும் காயப்படுத்தியது. அதைக் கொன்று உடலைச் சோதித்தபோது தாடையில் முள்ளம்பன்றி முள் குத்திச் சிக்கியிருந்தது, முன்காலிலும் முட்கள் இருந்தன. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாத இளம் விலங்கு. அதே மாதம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், குடும்பத்தோடு பாதையில் நடந்துகொண்டிருந்த ஒருவரின் குழந்தையை ஒரு கயோட்டி சட்டையைப் பிடித்து இழுத்தது. தந்தை அதை வெறுங்கையால் அமுக்கிக் கொன்றார். அதற்கு வெறிநோய் இருந்தது சோதனையில் தெரிந்தது.

வெறிநோய் என்றதும் நமக்குத் தெருநாய்தான் நினைவுக்கு வரும். இந்தியாவில் அது சரிதான். அமெரிக்காவில் நாய்களுக்கிடையே சுற்றிவந்த வகை வெறிநோய் ஒழிந்துவிட்டதாக 2007-இல் அறிவித்தார்கள். அதற்கு முன் தெற்கு டெக்சாஸில் அந்த வகை கயோட்டிகளிடம் பரவியது. 1990-களின் நடுவிலிருந்து விமானத்தில் பறந்து, தடுப்பு மருந்து வைத்த தீனி உருண்டைகளைத் தூவி அதை அடக்கினார்கள். இன்று அங்கே வெறிநோயைச் சுமப்பவை முக்கியமாக வௌவால், ரக்கூன், ஸ்கங்க், நரி ஆகியவை. அவற்றிடமிருந்து கயோட்டிக்கு எப்போதாவது தொற்றலாம். தள்ளாடுவது, வாயில் நுரை, காரணமில்லாமல் நேராக வந்து மேலே விழுவது என்று தெரிந்தால் விரட்டிப் பார்க்கும் ஆர்வம் வேண்டாம். அதற்கும் உங்களுக்கும் நடுவே காரோ கதவோ வரும்படி செய்துகொள்ளுங்கள்.

பருவமும் முக்கியம். ஜனவரி முதல் மார்ச் வரை ஜோடி சேரும் காலம், ஏப்ரல், மே மாதங்களில் குட்டி. கோடை முழுக்கக் குட்டிகளுக்கு இரை தேடவும் காவல் காக்கவும் வேண்டும். இந்த மாதங்களில் பாதையில் நடப்பவரை, முக்கியமாக நாயோடு நடப்பவரை, ஒரு கயோட்டி கொஞ்ச தூரம் விட்டுப் பின்தொடர்ந்து வரும். நின்றால் அதுவும் நிற்கும். பார்ப்பவருக்கு இது வேட்டைபோலத் தோன்றும். குட்டிகள் இருக்கும் வளையிலிருந்து உங்களை வெளியேற்றும் வேலையைத்தான் அது செய்துகொண்டிருக்கிறது. நாயைக் கயிற்றில் இறுக்கமாகப் பிடித்து, வந்த வழியிலோ வளைக்கு எதிர்த் திசையிலோ அமைதியாக நகர்ந்தால் எல்லை முடிந்ததும் நின்றுவிடும். அங்கே மட்டும் கல்லை எறிந்து விரட்டப் போகாதீர்கள். குட்டி இருக்கும் இடத்தை விட்டு அது போகாது.

நாயைப் பற்றி ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஒரு கயோட்டி விளையாடுவதுபோல நடித்து நாயை இழுத்துப்போய்க் கூட்டத்திடம் ஒப்படைக்குமாம். அப்படித் திட்டமிட்டுச் செய்வதாக ஆதாரம் இல்லை. நாய் துரத்தும், கயோட்டி தன் ஜோடி இருக்கும் பக்கம் ஓடும், அங்கே நாய் தனியாக மாட்டிக்கொள்ளும். விளைவு நாய்க்கு ஒன்றுதான், தடுக்கும் வழியும் ஒன்றுதான்: கயிறு. சிறிய நாய் என்றால் கயோட்டியைப் பார்த்தவுடன் தூக்கிக்கொள்வது நல்லது. குழந்தைகளையும் அப்படியே.

வளை பக்கத்தில் இல்லாத சாதாரண இடத்தில் ஒரு கயோட்டி நகராமல் நின்றால் என்ன செய்வது? ஓடக்கூடாது. மணிக்கு அறுபது கிலோமீட்டர்வரை ஓடக்கூடியது அது, ஓடுவது எதுவாக இருந்தாலும் துரத்தும் சுபாவமும் அதற்கு உண்டு. முதுகைக் காட்டாமல் நின்று, கைகளைத் தலைக்குமேல் தூக்கி, அடித்தொண்டையில் கத்துங்கள். கீச்சுக் குரலில் அலறுவது அடிபட்ட சிறு விலங்கின் குரலுக்கு நெருக்கமானது. காலால் தரையை உதையுங்கள், தடியை ஆட்டுங்கள், கல்லை அதன் பக்கத்தில் விழும்படி எறியுங்கள். நம் ஊரில் தெருநாய் முறைத்தால் கல்லெடுக்கக் குனிவோமே, அந்தப் பழக்கம் இங்கே பாதி உதவும். குனியும்போது பார்வையை அதன்மேலேயே வைத்திருக்க வேண்டும், சட்டென்று நிமிர்ந்துவிட வேண்டும். அது ஓடி மறையும்வரை நிறுத்தக்கூடாது. நான்கடி பின்வாங்கியதும் நாம் சும்மா இருந்துவிட்டால், மனிதர் கத்திவிட்டு ஓய்ந்துவிடுவார்கள் என்று அது கற்றுக்கொள்ளும், அடுத்து வருகிறவருக்கு அது கஷ்டம். மேலேயே பாய்ந்துவிட்டால் திருப்பி அடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. தரையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கழுத்தையும் முகத்தையும் காத்துக்கொள்ளுங்கள்.

முகாமில் செய்யவேண்டியவை கரடிக்குச் சொல்வதிலிருந்து அதிகம் மாறுவதில்லை. சமைத்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுத் தூங்கப்போவது, எலும்புத் துண்டைப் புதருக்குள் எறிவது, நாயின் தீனித் தட்டை வெளியே விடுவது, கழுவிய நீரைக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே ஊற்றுவது ஆகியவைதான் கயோட்டியைக் கூப்பிடும். உணவையும் குப்பையையும் காருக்குள்ளோ, முகாமில் கொடுத்திருக்கும் இரும்புப் பெட்டியிலோ வைத்துப் பூட்டுங்கள். பிறகு, கயோட்டிகள் நடமாடும் முகாமில் வானத்தைப் பார்த்தபடி வெளியில் படுக்கும் ஆசையைத் தள்ளிவைக்கலாம், குழந்தைகள் இருந்தால் கட்டாயம். கூடாரத்துணி மெல்லியதுதான், ஆனாலும் உள்ளே இருப்பது என்ன என்று வாய்வைத்துப் பார்க்கும் வாய்ப்பை அது எடுத்துவிடுகிறது.

டொரன்டோவின் ஸ்கார்பரோ பக்கம் நிறையத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கேயே ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இருக்கிறது, அதில் முகாம் போடும் இடமும் உண்டு, கயோட்டிகளும் உண்டு. வார இறுதியில் சொந்தபந்தங்களோடு போய்ச் சாப்பாட்டை விரித்து உட்கார்வது நமக்குப் பிடித்த விஷயம். மிச்சத்தை இலையோடு மரத்தடியில் வைத்து, ‘ஏதாவது ஜீவன் தின்னட்டும்’ என்று வருவதும் ஒரு நல்ல மனசிலிருந்து வரும் பழக்கம்தான். அங்கே அதைச் செய்யவேண்டாம் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டான்லி பூங்காவில் கொல்லப்பட்ட பதினொன்றும் நம்மைப் போன்றவர்கள் போட்டதைத் தின்று பழகியவையாக இருந்திருக்கலாம்.

கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்பதை அவர் முடிவு செய்வார், சிறு கீறல்தானே என்று நாமே முடிவு செய்யக்கூடாது. முடிந்தால் காயத்தைக் கழுவுவதற்கு முன் கிழிந்த உடையைக் கழற்றி, துவைக்காமல் ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒட்டியிருக்கும் எச்சிலின் மரபணுவை வைத்துத்தான் கடித்தது எந்த விலங்கு என்று கண்டுபிடிக்கிறார்கள், சம்பந்தமில்லாத கயோட்டிகள் சாகாமல் இருப்பதும் அதனால்தான். கடிக்காமல் பின்தொடர்ந்தது, சாப்பாட்டுப் பையைப் பிடித்து இழுத்தது, கத்தியும் நகரவில்லை என்றாலும்கூட இடம், நேரம், எத்தனை கயோட்டி என்பதைப் பூங்கா ரேஞ்சரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். இப்படி வரும் தகவல்கள் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் எந்தப் பாதையைச் சில நாட்களுக்கு மூடவேண்டும், எந்த முகாமில் குப்பைத் தொட்டியை மாற்றவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.